வெளியே போகும் பக்கம்

எங்கள் வீட்டில் காபி நான்தான் போடுவேன், மேடம். மனைவி இறந்ததிலிருந்து அப்படித்தான். என் மகள் வசுந்தராவுக்கு டிக்காஷன் கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும்.

அவளும் மாப்பிள்ளையும், "பேசினால் பதிலே வருவதில்லை" என்று ஒரே குறையைச் சொன்னது எப்படி என்று குடும்ப நீதிமன்றக் கவுன்சலிங்கில் நீங்கள் கேட்டீர்கள். விவாகரத்து கிடைத்துவிட்டது. இனிச் சொல்லலாம்.

ரவிசங்கர் நல்ல பையன். கல்யாணமான கையோடு சிங்கப்பூர் போனார். விசா வந்ததும் இவளும் போவதாக ஏற்பாடு. அதுவரை சாயங்காலமானால் எங்கள் கோச்சடை வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவரோடு பேசுவாள். அவள் சிரிப்பது சமையலறைவரை கேட்கும். இவள் போய்விட்டால் இரண்டாவது டம்ளரை யாருக்காகக் கழுவுவது என்று அப்போதுதான் நினைத்தேன்.

கல்லூரியில் நெட்வொர்க் பார்ப்பது என் வேலை. மாணவர்கள் படம் இறக்கி லைனை அடைத்துவிடாமல் இருக்க, ரௌட்டரில் வேகத்துக்கு வரம்பு வைப்பேன். வீட்டிலும் வைத்தேன். இணைப்பைத் துண்டிக்கவில்லை; அது கொடுமை. வெளியே போகும் பக்கத்தை மட்டும் நூலளவாகக் குறைத்தேன். உள்ளே வருவதைத் தொடவில்லை. அதனால் அவர் குரல் இவளுக்குத் தெளிவாக வந்தது. இவள் குரல் அவருக்கு அறுந்து அறுந்து போனது, அல்லது போகவே இல்லை.

"அப்பா, லைன்ல ஏதும் கோளாறா? நான் இம்புட்டுப் பேசுறேன், கேக்கலைங்கிறாரு."

"அவரு பேசுறது உனக்கு நல்லாக் கேக்குதுல்ல? அப்புறம் என்னம்மா கோளாறு?"

நம்பினாள். அப்பா இதையே வேலையாகச் செய்கிறவர் அல்லவா.

அவர் என் செல்லுக்குக் கூப்பிட்டார். "மாமா, வசு ஏன் வாயே திறக்க மாட்டேங்கிறா?"

"நெட்டு நல்லாத்தான் இருக்கு மாப்ள. அவ மனசுல என்னமோ. கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

பிறகு அவர்கள் இருவரும் போனில் பேசினாலும் முந்தைய நாள் கோபத்தில்தான் பேச்சே தொடங்கும்.

விசா வந்த அன்று, "வர்றியா, இல்லையா?" என்று அவர் கம்ப்யூட்டரில் கேட்டார். "வாரேன், வாரேன்" என்று இவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். நான் காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, உன் இஷ்டம்" என்றார். அது சமையலறைவரை தெளிவாகக் கேட்டது.

இப்போது வசுந்தரா யாரோடும் பேசுவதில்லை. காபியை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

வரம்பை எடுத்துவிட்டேன், மேடம். இனி அவள் வாயைத் திறந்தால் போதும், எந்த நாட்டுக்கும் தெளிவாகக் கேட்கும்.