லாரியில் போகும் ஜோதி

– தள்ளிப் படு ஜோதி. ஆறு நாளும் ஷிப்ட் மாத்தி ஷிப்ட் ஒவ்வொருத்தியா படுத்துப் படுத்து, இந்தக் கட்டிலுக்கே ரெண்டு பேரத் தாங்கத் தெரியல.

– சும்மா கெட மெர்சி. கண்ணு சொக்குது. நான் இப்ப லாரியில போய்க்கிட்டு இருக்கேன்.

– நீ எங்க போற? என் பழைய போன்தான் போவுது.

– அதுலதான என் பேரு கெடக்கு. கவர்மெண்ட் ஆப்புக்கு அதுதான் ஜோதி. ஏட்டி, கிருஷ்ணா ஆத்துப் பாலத்துல வண்டி போகு. மேல அடுக்கியிருக்க புதுக் காருல ஒண்ணுல, நம்ம கம்பெனி லைன்ல நான் மாட்டுன பின்சீட்டுல, கால நீட்டிப் படுத்திருக்கேன். கீழ தண்ணி மினுங்குது.

– உனக்கு தூக்கம் வருது, எனக்கு பயமா கீது. வாடகைக்குக் கீறவங்க எல்லாரும் ஆப்ல பேர் பதியணும், இல்லன்னா ரூம காலி பண்ணுன்னு ஓனர் சுப்பராயன் சொன்னாரு. கேட்டதுக்கெல்லாம் பட்டன அமுக்கினு நான் பதிஞ்சேன். எனக்கு இன்னா ஆயிடுச்சி?

– ஒன்னத் தேட ஆளில்ல. அண்ணன் பாத்த மாப்பிள்ளைய வேண்டாம்னு ஊர விட்டு ஓடியாந்தவ நான். அண்ணன் அங்க கவர்மெண்ட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாலல்லா உக்காந்திருக்கான்.

– உங்க திருமலை அண்ணனுக்கு வேற வேலயே இல்லியா? அந்த லிஸ்ட்ட போலீஸ் மட்டும்தான் பாக்க முடியும்னு ஆப்லயே எழுதிக்கீது.

– எழுதியிருக்கு. உள்ள என்ன ஓடுதுன்னு பாக்க விடுதாங்களா? தண்டலம் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்க ஹேமந்த் மனு போட்டுக் கேட்டான், பதிலே இல்ல. அவனே தோண்டிப் பாத்துச் சொன்னான், அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா நீ எங்க நிக்கன்னு அது அனுப்புதாம்.

– ஹேமந்த்து சொன்னா உனக்கு வேதம். உன் போன்ல கூட எல்லாத்தையும் கழட்டிட்டு ஏதோ ஓசி சாப்ட்வேர் போட்டுக் குடுத்தானே.

– ஓசின்னு சொல்லாத. கட்டற்ற மென்பொருள். நம்ம மெஸ்ஸுல சமையக்கட்டுக் கதவத் தொறந்தே வச்சிருக்காங்கல்லா, யாரு வேணும்னாலும் எட்டிப் பாக்கலாம். அப்படி.

– நல்லா பேசுற. பொய் பதிவுன்னு நாளைக்கி வந்து புடிச்சா?

– என்ன பொய்? பேரு கேட்டுச்சு, குடுத்தேன். மொகத்தக் கேட்டுச்சு, காட்டுனேன். போன் எங்கூடவே இருக்கணும்னு கேக்கலயே.

– டில்லிக்குப் போற லாரில அத ஏத்தி வுடச் சொல்லியும் கேக்கல. லாரி டிரைவர் பிச்சையா அண்ணன் காலைல கூப்ட்டாரு. டயரு வெடிச்சி, வண்டி நேத்து காலைலருந்து நாக்பூர்ல நிக்குதாம். அந்தப் பழைய போன டிரைவர் சீட்டாண்ட சார்ஜ் போட்டு வச்சிகிறாரு.

– நாக்பூரா. ஆரஞ்சு வாசம் வருது மெர்சி.

– அது நான் தேச்ச சோப்பு. சொல்றேன் கேளு. உங்க அண்ணன் உன்ன எப்பவோ வுட்டுட்டிருப்பாரு. நீதான் ஒரு வருஷமா முதுகுக்குப் பின்னாடியே பாத்துக்கினு நடக்குற. லாரி திரும்பி வந்ததும் போன வாங்கி வச்சிக்கோ. எல்லாரும் மாதிரி இங்கயே இருக்கேன்னு காட்டிடு. எனக்கும் நிம்மதியா இருக்கும்.

– செரி. பயந்து பயந்து எனக்கும் அலுத்துப்போச்சு. ஆரும் என்னத் தேடலன்னே வச்சுக்கிடுதேன்.

– அப்பாடா. உன் போன்ல ஏதோ மெசேஜ் வந்துக்கீது பாரு.

– எங்கம்மை. பக்கத்து வீட்டு மஞ்சுளாக்கா போன்ல இருந்து பேசி அனுப்பியிருக்கா. இரு, காதுல வச்சுக் கேக்கேன்.

– இன்னா சொல்றாங்க? ஏன் எழுந்து உக்காந்துக்கின?

– நாக்பூருன்னு ஊருல ஆருகிட்டயும் நாம சொல்லலல்லா?

– எனக்கே இன்னிக்கி காலைலதான தெரியும். ஏன்?

– அண்ணன் நேத்து சாயங்காலமே லீவு போட்டு ரயிலேறிட்டானாம். நாக்பூர்ல இப்ப குளிரும்னு சொல்லி, அம்மைகிட்ட ஸ்வெட்டரு கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கான்.