தென்கரைப் பறவை

கொஞ்சம் அசையாம உக்காருங்க சார். இது உங்க மைன்ஸ் ஜீப்பு இல்ல, தோணி. இப்பிடிச் சாய்ஞ்சு சாய்ஞ்சு எட்டிப் பாத்தீங்கன்னா, பறவைய நீங்க பாக்கறதுக்கு முன்னாடி மீனு வந்து உங்களப் பாத்துடும்.

அதுங்களா, அது நாமக்கோழி. கருப்பா, நெத்தியில வெள்ளையா நாமம் போட்டுகினு. போன வாரம் என்னமோ இங்கிலீஸ்ல ஒரு பேரு சொன்னீங்க, எனக்கு வாய்ல நுழையல. எங்க ஊர்ல அதக் குழம்புன்னுதான் சொல்லுவோம். அட, கோச்சிக்காதீங்க. உங்களக் கூட்டிகினு வர ஆரம்பிச்சதுலேர்ந்து ஒண்ணக்கூடத் தொடல. தொட்டா நாளைக்கு மைன்ஸ்ல உங்க ஷிப்ட்டுக்கு நான் வேலைக்கு வரும்போது மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவீங்க.

ஏன் சிரிக்கறேன்னா, உங்கள நெனச்சுத்தான். ஆறு நாளும் மைன்ஸ் பள்ளத்துல நின்னுகினு, பம்பு வச்சுத் தண்ணிய வெளிய இறைக்கறீங்க. ஞாயித்துக்கிழமையானா பஸ் ஏறி சேத்தியாத்தோப்புல எறங்கி, அதே தண்ணி மேல மெதக்க வரீங்க. பொய் சொல்லலீங்க. முன்னெல்லாம் சித்திரை வந்தா இந்த ஏரி கட்டாந்தரையாக் கெடக்கும். குறுக்கால நடந்தே அக்கரைக்குப் போயிடுவோம். இப்ப மைன்ஸ் தண்ணி வாய்க்கால்ல வந்து வுழுது, கோடையிலயும் வத்த மாட்டேங்குது. இந்தப் பறவைங்களுக்கும் ஊருக்குப் போவணும்னு நெனப்பு வரல.

போன மாசம் மண்மேட்டு மேல ஏத்துனீங்களே, அதுவும் இப்பிடித்தான். திருநெல்வேலியில பொறந்தவரு, மலை ஏறலன்னா கால் அரிக்கும் போல. மைன்ஸ்ல தோண்டிக் கொட்டுன மண்ணு, அது உச்சியில நின்னுகினு குத்தாலத்துல நிக்கறாப்பல காத்து வாங்குனீங்க. நானும் கூஜாவத் தூக்கிகினு பின்னாலயே வந்தேன். இங்கேர்ந்து ஏரி தெரியுமான்னு கேட்டேனே, ஞாபகம் இருக்குதுங்களா?

வூட்லயா? வூட்ல இல்லீங்க, அம்மா வூட்டுக்குப் போயிருக்கா. பார்வதின்னு பேரு. தலைப் பிரசவம். பத்து மாசமும் ஆயிடுச்சு. பொறந்திருந்தாலும் பொறந்திருக்கும், இல்லன்னாலும் இல்ல.

எனக்குத் தெரியாதுங்க, நெசமாத்தான். வளைகாப்புல ஒரு சண்டை. முதல் வளையல எங்க அத்தைதான் போடணும்னு எங்கம்மா சொல்லி வச்சிருந்தாங்க. அத்தை வர்ற பஸ்ஸு லேட்டு. நல்ல நேரம் போவுதேன்னு என் மாமியா மாணிக்கம்மா அவங்களே எடுத்துப் போட்டுட்டாங்க. எங்கம்மா ஒரு வார்த்தை சொல்ல, அவங்க ஒம்பது வார்த்தை சொல்ல, பொண்ணக் கூட்டிகினு கெளம்பும்போது, நாங்களாச் சொல்லி அனுப்பற வரைக்கும் ஒருத்தரும் எங்க ஊரு கரைய மிதிக்கக் கூடாதுன்னுட்டாங்க. நானாவது வாய மூடிகினு இருந்தனா? கூப்பிடாம வந்தா என் பேரு கண்ணையன் இல்லன்னுட்டேன். இப்ப சோறு எறங்கல சார். அவளுக்கு என்ன ஆச்சோன்னு நெனச்சா கையும் ஓடல, காலும் ஓடல.

யார்கிட்டனா கேக்கலாம்தான். கேட்டா, கண்ணையன் கேட்டான்னு சாயங்காலத்துக்குள்ள மாமியா காதுக்குப் போயிடுமே. அப்புறம் இந்த மீசைக்கு என்ன மரியாத?

அது கெடக்கட்டும், தூரக்கண்ணாடிய இப்பிடித் திருப்புங்க. தென்கரையில, புங்கமரத்தடியில. வாரா வாரம் அங்கதான் பாக்கச் சொல்றேன், வாரா வாரம் ஒண்ணும் இல்லன்றீங்க. இன்னிக்கும் ஒரு தடவை பாருங்க.

வெள்ளையாவா? கூழைக்கடாவா இருக்குமா? எனக்கு எப்பிடித் தெரியும், கண்ணாடி உங்ககிட்ட இருக்குது. தரையில நிக்கலியா? கிளையிலேர்ந்து தொங்குதா? காத்தே இல்லியே சார், தண்ணி அசையாமக் கெடக்குது. அது மட்டும் ஆடுதா, இப்பிடியும் அப்பிடியுமா?

இருங்க, இருங்க. ஓரத்துல பச்சையாக் கோடு ஓடுதா பாருங்க.

பறவையையே பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாமே பறவையாத் தெரியுது. அது என் வேட்டிங்க. பழசு, மெத்துன்னு இருக்கும்னு போவும்போது பார்வதி பொட்டியில எடுத்து வச்சிகினா. தூளி கட்டியிருக்கா சார். அந்தத் தென்கரைதாங்க என் மாமியா ஊரு.

பொறந்துடுச்சு. வூட்டுக்குள்ள உத்தரத்துல கட்டற தூளிய எவளாவது ஏரிக்கரை மரத்துல கொண்டாந்து கட்டுவாளா? நான் இந்தப் பக்கம் வரேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. கரைய மிதிக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க, தண்ணியில வரக்கூடாதுன்னு சொல்லலியே. சர்க்கார் ஏரி, யாரு வேணா வரலாம். அதுவும் ஆபீசரு பறவை பாக்க வந்தா, எவன் கேப்பான்?

அதக் கொஞ்சம் இப்பிடிக் குடுங்க. எங்க திருகணும்? மங்கலாத் தெரியுதே. கண்ணாடி நல்லாத்தான் இருக்குதா? சரி, அப்ப என் கண்ணுதான்.

ஆணா பொண்ணான்னு இதுல தெரியாதுங்களா? சரி, வுடுங்க. நான் இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன், அப்புறமா வடகரைக்குத் தள்றேன். நீங்க தேடுற பறவையெல்லாம் அங்கதாங்க இருக்குது.