ஹீரோவின் முதுகு

ஓம்வதி: கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு. முதுகைப் பார்க்கணும்.

தோண்டிபா: என்னக்கா இது... மொரதாபாத்துலேர்ந்து ரயிலேறி பம்பாய் வர்றவங்க ஹீரோ மூஞ்சியைப் பார்க்கணும்னு வருவாங்க. என் முதுகைப் பார்க்க வந்த முதல் ஆள் நீங்கதான். ஸ்டூடியோவுக்குள்ள யாரு விட்டா உங்களை?

ஓம்வதி: உன் அக்கான்னு சொன்னேன். விட்டுட்டாங்க.

தோண்டிபா: எனக்கு அக்காவே கிடையாதே!

ஓம்வதி: போன படத்துல ரயில் மேல ஓடினது இந்த முதுகுதானே?

தோண்டிபா: இதேதான். ரயில் மேல ஓடுறது, கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வர்றது, குதிரைலேர்ந்து உருள்றது... எல்லாம் நான். எழுந்து மூஞ்சியைத் திருப்பினா அது ஹீரோ. டூப்புன்னா அப்படித்தான்கா. பெத்த அம்மாவே என் மூஞ்சியைப் படத்துல பார்த்ததில்ல.

ஓம்வதி: எங்கம்மா பார்த்துட்டா.

தோண்டிபா: மூஞ்சியையா?

ஓம்வதி: முதுகை. 'ஓம்வதி, அதோ நம்ம பன்வாரி'ன்னு கொட்டகையிலேயே எழுந்து நின்னுட்டா. பின்னாடி உக்காந்திருந்தவன் திட்டினான்... அவ உக்காரவே இல்ல.

தோண்டிபா: பன்வாரி யாரு?

ஓம்வதி: என் தம்பி. சின்னப் பையனா இருக்கும்போது அப்பாகிட்ட அடி வாங்கிட்டு ஓடிப்போனவன். அங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு எப்பவாவது சேதி வரும். ஆளு வரமாட்டான்.

தோண்டிபா: ஐயோ அக்கா, ஆளு தப்பு. நான் மராட்டிக்காரன், சாதாரா ஊரு. பேரு தோண்டிபா. நானும் வீட்டை விட்டு ஓடினவன்தான்... ஆனா சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிடுவேன்.

ஸ்டண்ட் மாஸ்டர்: டேய் தோண்டி! அண்ணன் சட்டையைக் கழட்டு! தம்பி சட்டையைப் போடு! அடுத்து தம்பி அடி வாங்கணும்!

தோண்டிபா: அஞ்சு நிமிஷம் மாஸ்டர்!

ஓம்வதி: அண்ணன், தம்பி... ரெண்டும் நீயா?

தோண்டிபா: அதை ஏன் கேக்கறீங்க. வெள்ளத்துல பிரிஞ்ச அண்ணன் தம்பி கதை. ஒருத்தன் லாரி ஓட்டுறான், ஒருத்தன் வில்லனுக்கு அடியாள். யாரு எவருன்னு தெரியாம அடிச்சுக்கறாங்க. ரெண்டு ஹீரோவுக்கும் என் உடம்பு அளவு சரியா இருக்காம். காலையில அண்ணனா இருந்து குத்தினேன், இப்ப தம்பியா இருந்து வாங்கிக்கணும். முன்னாடியே சொல்லியிருந்தா மெதுவாக் குத்தியிருப்பேன்.

ஓம்வதி: அம்மா வெளியே மரத்தடியில உக்காந்திருக்கா.

தோண்டிபா: கூட்டிக்கிட்டே வந்துட்டீங்களா! அட... வாங்க, நானே வந்து கையெடுத்துக் கும்பிட்டு, நான் இல்லம்மான்னு சொல்லிடறேன்.

ஓம்வதி: அதைச் சொல்லாதே. 'நான்தான்'னு சொல்லு.

தோண்டிபா: என்னது?

ஓம்வதி: நீ இல்லைன்னு எனக்குத் தெரியும் தம்பி. கொட்டகையிலேயே தெரியும்.

தோண்டிபா: தெரிஞ்சுமா இவ்வளவு தூரம்...

ஓம்வதி: பன்வாரி போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாச்சு.

தோண்டிபா: ஐயோ... எங்கக்கா? எப்படி?

ஓம்வதி: சூரத்துல. காமாலை. சேதி கேட்டு நான் போறதுக்குள்ள மூச்சு நின்னுடுச்சு. கூட வேலை பார்த்தவங்களே எரிச்சாங்க. அம்மாகிட்ட ஹரித்துவார் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போயிருந்தேன்.

தோண்டிபா: வந்ததும் சொல்லியிருக்கலாமேக்கா.

ஓம்வதி: வாய் வரலையே... நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... தெருவுல யாராவது பன்வாரி எங்கேன்னு கேட்டா, அம்மாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டே 'நல்லா இருக்கான்'னு சொல்லுவேன். சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிடுவேன். உன் முதுகைப் பார்த்த அன்னிக்கு அவ ஒரு ரொட்டி அதிகமாக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. அதான்... நேர்லயே பார்த்துட்டா இன்னும் தெம்பா இருப்பாளேன்னு...

தோண்டிபா: எனக்கு நடிக்கத் தெரியாதுக்கா.

ஓம்வதி: சினிமாக்காரன்தானே நீ?

தோண்டிபா: ஒரே ஒரு தடவை வசனம் கொடுத்தாங்க. 'ஐயா, தந்தி.' அவ்வளவுதான். நான் 'தந்தி, ஐயா'ன்னுட்டேன். வசனத்தைப் பிடுங்கிட்டு என்னை மாடியிலேர்ந்து தள்ளி விட்டாங்க. அது ரொம்ப நல்லா வந்துச்சு.

ஓம்வதி: நீ ஒண்ணும் பேச வேண்டாம். அவளுக்குக் கண்ணுல புரை. கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாப் போதும்.

தோண்டிபா: வாயைத் திறந்தா என் இந்தியில மராட்டி வாடை அடிக்குமே.

ஓம்வதி: பம்பாய்க்கு வந்தா யாருக்கும் பேச்சு மாறும். வா தம்பி...

மாஸ்டர்: தோண்டி! தம்பி எங்கடா?

தோண்டிபா: பத்து நிமிஷம் மாஸ்டர்! தம்பி அம்மாவைப் பார்க்கப் போறான்!

மாஸ்டர்: அது கடைசி ரீல்லடா மடையா!

ஓம்வதி: இதோ, இந்த மரத்தடிதான்... அம்மா, யாரு வந்திருக்கான்னு பாரு.

தோண்டிபா: அம்மா... நான்... பன்வாரி.

அம்மா: வா... பக்கத்துல உக்காரு. கையெல்லாம் என்ன, பிசுபிசுன்னு... ரத்தமா?

தோண்டிபா: சாயம்தாம்மா. நிஜ ரத்தம் முழங்கால்ல இருக்கு.

அம்மா: ஓம்வதி, புள்ளைக்கு டீ வாங்கிட்டு வா. இஞ்சி நசுக்கிப் போடச் சொல்லு.

ஓம்வதி: இதோம்மா. டேய் பன்வாரி... அம்மா கையை விட்டுடாதே.

அம்மா: ...போயிட்டாளா?

தோண்டிபா: ரோட்டைத் தாண்டிட்டாங்க... ம், தாண்டிட்டா.

அம்மா: உன் பேரு என்னப்பா?

தோண்டிபா: பன்... பன்வாரிம்மா.

அம்மா: உங்க வீட்டுல வச்ச பேரு.

தோண்டிபா: ...தோண்டிபா. மன்னிச்சுக்கங்கம்மா. இதுக்குத்தான் எனக்கு யாரும் வசனமே கொடுக்கறதில்ல. கண்ணு தெரியாதுன்னாங்களே... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

அம்மா: கண்டுபிடிக்க என்ன இருக்கு? இல்லாதவன் எப்படிப்பா வருவான்?

தோண்டிபா: அம்மா... உங்களுக்கு...

அம்மா: ஹரித்துவார் போறேன்னு போனா. திரும்பி வந்தவ நேரா உள்ள வரல. நடுங்குற குளிருல, கொல்லைப் பக்கம் அடிபம்புல தலையோட தண்ணியை ஊத்திக்கிட்டு, சொட்டச் சொட்டத்தான் படியேறினா. கங்கையில முழுகிட்டு வந்தவளுக்கு அடிபம்புல என்னப்பா முழுக்கு? சாவு வீட்டுலேர்ந்து வர்றவதானே அப்படி வருவா.

தோண்டிபா: அப்ப கொட்டகையில... என் முதுகைக் காட்டி...

அம்மா: உன் முதுகை எங்க பார்த்தேன்? ஏதோ கறுப்பா ஓடிச்சு. 'அதோ நம்ம பன்வாரி, நல்லா இருக்கான்'னு கத்தினேன். எனக்காக அவ இனிமே பொய் சொல்ல வேண்டாமே, அடுப்படியில புகைன்னு சொல்லிக் கண்ணைத் துடைக்க வேண்டாமேன்னு நினைச்சேன். மெனக்கெட்டு ஒரு ரொட்டி வேற அதிகமாச் சாப்பிட்டேன். அவ என்னடான்னா... ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டா.

தோண்டிபா: நல்ல அம்மா, நல்ல பொண்ணு... நடுவுல நான். சொல்லிடுங்கம்மா. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதுட்டீங்கன்னா முடிஞ்சுது.

அம்மா: சொல்லணும்தான்... வர்றாளா?

தோண்டிபா: வர்றாங்க. கையில மூணு டம்ளர்... சிரிச்சுக்கிட்டே வர்றாங்க.

அம்மா: சிரிக்கிறாளா?... ஒரு வருஷமா அவ சிரிச்சு நான் கேக்கலப்பா. இன்னிக்கு வேண்டாம். என்னை அம்மான்னு கூப்பிடு... அவ காதுல விழற மாதிரி, கொஞ்சம் சத்தமா.