டொக்டரம்மாவின் தேத்தண்ணி

தெரணியகலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“சீனி வியாதிய எப்படித் தடுக்கிறதுன்னு இருபது வருஷமா உங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல ஆராய்ச்சி பண்ணினேன். இப்ப எனக்கே வந்துருச்சு அக்கா.”

“அது எப்படிங்க டொக்டரம்மா?”

“கேள்வி கேக்கப் போனா வீட்டுக்கு வீடு தேத்தண்ணி. வேணாம்னா கோவிச்சுக்குவீங்க. சீனியக் கொறைங்கன்னு சொல்லிக்கிட்டே குடிச்சேன்.”

“நாங்க அப்பவே கொறைச்சிட்டோம்ங்க.”

“பின்ன எனக்குத் தந்தது அவ்வளவு இனிச்சிச்சே?”

“வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சீனியில்லாமயா குடுக்கிறது? எங்க பங்கையும் சேத்து உங்களுக்குத்தான் போட்டோம்.”

பேராசிரியை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்.

“அப்ப உங்க தோட்டத்துல நான் சொன்னதக் கேக்காதது நான் ஒருத்திதான்.”