முதல் நாள் ஒரு மணி நேரம்

வீட்டுக்குள் முளைத்த தக்காளி நாற்றை எடுத்த எடுப்பில் தோட்டத்தில் நடக்கூடாது, ஐயா. நிழலில் வளர்ந்த உடம்பு, வெயிலைக் கண்டதும் துவண்டுவிடும். முதல் நாள் ஒரு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். மறுநாள் இரண்டு. இப்படியே நேரத்தை ஏற்றி, தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால் எட்டு நாளில் தண்டு இறுகிவிடும்.

எங்கள் வீட்டில் வெயில் விழுகிற ஜன்னல் ஒன்றுதான். அதன் அடியில் அண்ணனின் கட்டில். எங்கள் துணிக்கடை ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போய் மூன்று வருடம். அண்ணி ஆறே மாதத்தில் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இருந்தேன். குளிப்பாட்டினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன். ஜன்னல் விளிம்பில் எழுபத்திரண்டு நாற்று வளர்த்தேன். என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய்த்தது அது ஒன்றுதான்.

"கடையில இருபது வருஷம் உக்காந்து ஒரு துண்டு வித்ததில்ல. இப்ப செடிகிட்ட பேரம் பேசுறியாடா?" என்பார் அண்ணன். நானும் சிரிப்பேன். நன்றாகத்தான் பேசுவார்.

ஒரு நாள் நான் சந்தைக்குப் போய்த் திரும்பியபோது, பாதி நாற்றுகளின் குருத்தை நகத்தால் கிள்ளிப் போர்வைமேல் வரிசையாக அடுக்கியிருந்தார்.

"மாதிரி பார்த்தேன்டா. சரக்கு மட்டம்" என்றார்.

நான் கோபப்படவில்லை. பொறுக்கி எண்ணினேன். முப்பத்தாறு. "நீங்களும் மூணு வருஷமா உள்ளயே இருக்கீங்கண்ணே. கொஞ்சம் வெயில் பட்டா நல்லது" என்றேன்.

மறுநாள் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, சரிந்துவிடாமல் துண்டால் கட்டி, முடிச்சைப் பின்பக்கம் போட்டு, சக்கரங்கள் உருளாமல் கல் வைத்து, நாற்றுத் தட்டுகளின் பக்கத்தில் விட்டேன். ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும்" என்றாள்.

மூன்றாம் நாள் அவர் தண்ணீர் கேட்டார். "கொஞ்சம் வாடணும்ணே. அப்பத்தான் உடம்பு இறுகும்" என்றேன்.

ஐந்தாம் நாள் கத்தினார். கால் மீட்டர் துணிக்கே தெருவைக் கூட்டின தொண்டை அது. அவர் கத்தாத நாள்தான் அக்கம்பக்கத்துக்குச் செய்தி.

"என்னவாம் உங்க அண்ணனுக்கு?" என்றாள் தையல்காரம்மா.

"வெயிலும் மட்ட சரக்காம்மா."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

எட்டாம் நாள் முழுநாள் கணக்கு. விடிந்ததும் எல்லாரையும் வெளியே கொண்டுவந்தேன். அவரிடமிருந்து பத்தடி தள்ளி நாற்றுகளுக்குக் குழி எடுத்தேன். வேர் கலையாமல் ஒவ்வொன்றாக இறக்கி, மண் அணைத்து, ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். அவர் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி" என்றார். நாற்பது வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

"கையெல்லாம் மண்ணுண்ணே" என்றேன்.

மதியத்துக்குப் பிறகு சத்தமில்லை. பேரம் படிந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு மீதியையும் நட்டேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். முறைப்படிதான் செய்தேன். வேண்டுமானால் தோட்டத்தில் போய்ப் பாருங்கள் ஐயா, நட்ட முப்பத்தாறில் ஒன்றுகூட வாடவில்லை.