மக்கீன்ட கம்பியூட்டர் வாசல் தாண்ட முன்ன

கலியாண வீடியோ எடுக்கிற மக்கீன நான் கடைசியா உசிரோட கண்ட நேரமும் அவன் எனக்கு ஏசிக்கிட்டுத்தான் நிண்டான் தம்பி. கல்முனை மீன் சந்தைல. ஒரு கையில சூரை மீன் பை, மத்தக் கை என்ட மூஞ்சிக்கு நேர... "யானைய கோழி விலைக்கித் தாறன் எண்டு ஒருத்தன் சொன்னா, கயித்தோட போய் நிப்பிங்களா கச்சிமுகம்மது காக்கா?" எண்டு. சந்தையே திரும்பிப் பாக்குது! நான் என்ன... ஆ! ஆ! வேணாம் தம்பி! அந்த வயர்ல கை வெக்காதிங்க! அல்லாட காவல்... ஓடிக்கிட்டு இரிக்கி, கழட்டிராதிங்க. இரிங்க, இந்தக் கதிரைல இரிங்க.

ஓம், ஓம். நீங்க சல்லி குடுத்து வாங்கின கம்பியூட்டர்தான். நான் இல்லெண்டு சொன்னனா? இறக்காமத்துலருந்து த்ரீவீல் புடிச்சி வந்திரிக்கிங்க, அவன் வெளிய நிண்டு ஹோன் அடிக்கான், எல்லாம் விளங்குது. ஆனா பரீனா புள்ள என்ன சொன்னா? மக்கீன்ட பொஞ்சாதி, உள்ள தேத்தண்ணி ஊத்துறாவே, அவதான். "இது வாசல் தாண்ட முன்ன உள்ள கிடக்கிற கலியாண வீடியோ அத்தனையும் அழிச்சித்தான் குடுப்பன். ஊராட வீட்டுப் பொம்புளைகள் இரிக்காங்க, நம்பித் தந்த அமானிதம்" எண்டா. நியாயந்தானே! மக்கீன் இரிந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பான். எனக்கி ஒரு போல்டர் மட்டும் விட்டுத் தந்தா. மாப்புள வரவு. மாப்புள பொண்ணு வீட்டு வாசலுக்கு வாற காட்சிகள். அதுதான் இந்தா, இந்தச் சோப்புக்கட்டி அளவு சாமானுக்குள்ள போகுது. போய் முடிஞ்சா பரீனா மிச்சத்த அழிப்பா, நீங்க தூக்கிட்டுப் போங்க. நானும் ஒரு கை புடிக்கன்.

எனக்கி என்னத்துக்கு ஊரான்ட மாப்புளமாரா? ஹா ஹா... நல்லாக் கேட்டிங்க! மாப்புளமார ஆரு பாத்த? எல்லாம் ஒரே மாதிரித்தான், கோட்டுக்குள்ள வேர்த்துக்கிட்டு வருவானுகள். எனக்கி வேணுங்கிறது அந்த நேரம் உள்ளுக்க இரிந்து பொம்புளைகள் நாக்கச் சுழட்டிப் போடுற குரவை. என்ட பொஞ்சாதி பாத்தும்மாட குரவை. மௌத்தாகிட்டா, போன நோன்புக்கு முன்ன. இன்னாலில்லாஹி... ஓம்.

அவ குரவ போட்டா மருதமுனைல போடுறது நீலாவணைக்கிக் கேக்கும் தம்பி! கலியாண வீட்டுக்காரன் என்னயா கூப்பிடுறது? "ராத்தாவக் கூட்டிட்டு வாங்க காக்கா" எண்டுதான் கூப்பிடுவான். நான் மோட்டச்சைக்கிள் ஓட்டி. அவ்வளவுதான். நாலஞ்சி பேர் சுத்தி இரிந்து தின்னுற சஹன்ல சோத்தக் கண்டா நானும் இரிந்து தின்னுவன், அவ முடிச்சி வந்தா ஏத்திக்கிட்டு வருவன். வீட்ட அவ கதைக்கிறது அடுத்த அறைக்கிக் கேக்காது. அப்புடி ஒரு மனிசி! படம் புடிக்க ஒரு நாளும் நிக்கமாட்டா. மக்கீன் கெமராவத் திருப்பினா வட்டிலப்பத் தாச்சிக்குப் பின்னால ஒளிப்பா. அடையாள அட்டைல ஒரு படம் இரிக்கி... அது அவ இல்ல. கந்தோர்ல பயந்து நிண்ட வேற ஆரோ.

என்ன? கலியாண வீட்டாக்கள்ட சீடிய வாங்கிக் கேக்கலாமே எண்டா? கேட்டன் தம்பி! வீடு வீடா ஏறி இறங்கினன். இந்த மக்கீன் என்ன செஞ்சிரிக்கான் தெரியுமா? மாப்புள வாற இடத்துல எல்லாம் பாட்டுப் போட்டு வெச்சிரிக்கான்! வாய் அசையிது, வெடில் வெடிக்கிது, பாட்டு மட்டும் கேக்குது. குரவைய அமுக்கிட்டான். போய்க் கேட்டா, "சனம் பாட்டுத்தான் கேக்குது காக்கா. ஆனா பயப்பட வேணாம், எடுத்த மாதிரியே ஒரு கொப்பி கம்பியூட்டர்ல கிடக்கு, ஒரு டிஸ்க் கொண்டு வாங்க" எண்டான். உலகத்துல வேற எங்கயும் இல்ல தம்பி, இதுக்குள்ள மட்டுந்தான்.

அங்கதான் வந்திச்சி வினை. நான் டிஸ்க் வாங்கப் போனன்! கடையெல்லாம் விட்டுப்போட்டு, போன்ல ஒரு விளம்பரம்... பதினாறு டீபியாம், சட்டப் பையிக்குள்ள போகுமாம், தேத்தண்ணிக் காசு. வந்து சேந்திச்சி. போட்டம், கடகடவெண்டு எல்லாம் உள்ள போன. எனக்கிச் சந்தோசம் தாங்கல்ல! வீட்ட வந்து துறந்தா முதல் ரெண்டு வீடியோ ஓடுது, மத்ததெல்லாம் கறுப்பு. பேரு மட்டும் இரிக்கி, உள்ளுக்க ஒண்டும் இல்ல. மக்கீன் கோதக் கழட்டிக் காட்டினான், போனுக்குப் போடுற சின்ன மெமரி சிப் ஒண்ட பிசின் வெச்சி ஒட்டி வெச்சிரிக்கானுகள்! கோது பாரமாத் தெரிய ஒரு இரும்புத் துண்டு வேற! அதுக்குத்தான் சந்தையில அந்த ஏச்சு. ஏசிப்போட்டுச் சொன்னான், "காக்கா, கடையில வாங்குங்க. உள்ளுக்க தட்டுச் சுத்துற டிஸ்க் வேணாம், விழுந்தாப் போயிரும், சுணங்கும். சுத்தாதத வாங்குங்க. கடையில வெச்சே பெரிய பைல் ஒண்ட ஏத்தி, துறந்து பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும்" எண்டான். சரி எண்டன். அடுத்த வெள்ளிக்கிழமை அவன்ட ஜனாஸா.

மறுகா நான் இந்தப் பக்கம் தலகாட்டல்ல. புருசன் போய் நாலு மாசம் வீட்டுக்குள்ள இத்தா இரிந்த புள்ளைட்ட போய் டிஸ்க் கதையா கதைக்கிற? இண்டைக்கிச் சுபஹுத் தொழுகைக்கிப் பிறகு பள்ளி வாசல்ல ஒருத்தர் சொல்றாரு, மக்கீன்ட கம்பியூட்டர் வித்துப்போச்சாம், பகலைக்கி வந்து தூக்குறாங்களாம் எண்டு! கடை துறக்க முன்ன நான் கடை வாசல்ல. "இரிக்கிறதுலயே வேகமானது எது, எடு" எண்டன். கடைக்காரப் பொடியன் கேக்கான், என்ன அளவு வேணும் எண்டு. பெரிசாத் தா எண்டன். ஒரு செக்கனுக்கு ஆயிரம் எம்பி ஏத்துமாம்! பெட்டியிலயே போட்டிரிக்கி. மக்கீன் சொன்ன மாதிரியே ஏத்தி, துறந்து பாத்தன். பறந்திச்சி தம்பி! கண்ண மூடித் துறக்கக்குள்ள முடிஞ்சிச்சி.

இஞ்ச வந்து போட்டா... பாருங்களன். நத்தை! ஓணான் கூட இத விட வேகமா வேலி ஏறும்! பச்சைக் கோடு நகருதா பாருங்க. நகருதா? இல்ல. கள்ளன், கடையில ஒண்டக் காட்டி வேற ஒண்டக் கட்டித் தந்துட்டான். இது முடியட்டும், போய் அந்தக் கடைக்கி முன்னால நிண்டு நான் போடுற சத்தத்துல...

என்ன தம்பி? பெட்டியா? பெட்டி இந்தா பைக்குள்ள. எடுங்க, பாருங்க, பேர் எல்லாம் சரியாத்தான் போட்டிரிக்கி, அதுதானே எனக்கி... ஆ, அதா? அது அதோட வந்த வயர். ஒரு சாண் கூட இல்ல! கம்பியூட்டர் மேசைக்கிக் கீழ கிடக்கு, இத வெச்சி நான் என்ன செய்ய? அதான் என்ட போன் சார்ஜர் வயரக் கழட்டிப் போட்டன். தல ரெண்டும் ஒண்டுதானே, பொருந்துது, நீளமும்... என்ன? என்ன சொல்றிங்க?

கரண்டு ஏத்த மட்டும் உள்ள வயரா? ஓடுறது ஓடும், ஆனா வீடியோ இதுக்குள்ளால மெதுவாத்தான் போகுமா?

யா அல்லாஹ்! அப்ப உங்கட இறக்காமக் குளத்துத் தண்ணிய நான் பப்பாசிக் குழல் வெச்சா இறைச்சிக்கிட்டு இரிக்கன்? காலையிலருந்து! அந்தக் கடைக்காரப் பொடியனுக்கு மனசுக்குள்ள எத்தின ஏச்சு ஏசிட்டன்! ஹா ஹா ஹா... பரீனா, கேட்டியா புள்ள? சிரிக்காத! தேத்தண்ணியக் கொண்டா.

குனியாதிங்க தம்பி, சட்ட ஊத்தையாகும்... சரி, அந்தக் குட்டி வயரயே பின்னால நீல ஓட்டையிலயா? நீலத்துல போட்டாத்தான் ஓடுமா? நான் முன்னால உள்ள கறுப்புல... சரி, சரி, என்ட வாய மூடிக்கன். போனது போகட்டும், மிச்சத்த மட்டும் எடுக்கச் சொல்லி அமத்துங்க. ஓம், அது. சுபஹானல்லாஹ்! பாருங்க, பாருங்க! மதகு துறந்த மாதிரிப் போகுது! இதுக்கு மேல போகாதா? உள்ள இரிக்கிற டிஸ்க் கிழடா? என்னப் போலதான். அது குடுக்கிறதத்தான் இது வாங்கும். குடுக்கட்டும், குடுக்கட்டும். த்ரீவீல்காரனயும் கூப்பிடுங்க, அவனும் தேத்தண்ணி குடிக்கட்டும். ஹோன் அடிச்சிக் களைச்சிருப்பான்.

முடிஞ்சா? அதுக்கிடையில முடிஞ்சா? நில்லுங்க, பரீனா, அழிக்காத! ஒருக்கா இதுல இரிந்து துறந்து பாப்பம். நடுவுல உள்ளதா ஒண்டு. ஓம், அது, எது எண்டாலும் பரவால்ல. சத்தத்தக் கூட்டுங்க.

வெடில்... தள்ளுங்க, தள்ளுங்க எண்டுறான்... மாப்புளக்கி வேர்க்கிது, சொன்னன்தானே... இந்தா. இந்தா! கேக்குதா? கேக்குதா தம்பி? மூச்சு விடாம போகும், இன்னும் போகும்... இன்னும்... ஆ! மத்தவங்க எல்லாம் நிப்பாட்டிட்டாங்க, இவ நிப்பாட்டல்ல பாருங்க!

இரிங்க, மூடாதிங்க. பின்னால என்னமோ சொல்றா. திருப்பிப் போடுங்க.

"எங்க இந்த மனிசன்? சோத்தக் கண்ட இடத்துல இரிந்திட்டாரு போல."

ஹா ஹா ஹா! என்னத்தான்! எனக்கித்தான் ஏசுறா! இவ்வளவு சனத்துக்குள்ள, இவ்வளவு சத்தமா! வீட்ட ஒரு நாளும் ஏசினதில்ல தம்பி... மறுபடியும் போடுங்க.

சரி. போதும். பரீனா, நீ அழி புள்ள. தம்பிக்கி நேரமாகுது.

வாங்க, நான் இந்தப் பக்கம் புடிக்கன். எல்லாம் இதுக்குள்ள வந்துட்டு, அல்ஹம்துலில்லாஹ். பெரிசாத் தா எண்டு கேட்டு வாங்கினன், நீங்க பாத்தீங்கதானே, அவட குரவை இவ்வளவையும் போட்டும் இதுல முக்காவாசி சும்மா கிடக்கு.