குகையிலிருந்து வந்த எரு

– மாமி, கீழ வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸ் அறையில வைச்ச கறுப்புப் பெட்டி எங்க?

– உந்த எருக் கிடந்த பெட்டியோ? கழுவிக் கவிட்டிருக்கிறன்.

– கழுவினனீங்களோ? உள்ளுக்க கிடந்தது?

– ஏன் பிள்ளை பதறுறாய்? கறிவேப்பிலைக்குப் போட்டிட்டன். பனிக்காலத்தில அதுவும் வாடிப்போச்சுதெல்லே.

– ஐயோ மாமி! அதுக்குள்ள உயிர் இருந்தது!

– எருவுக்க என்ன உயிர்?

– போலித்தேள் எண்டு, கடுகளவு தேள். வாலும் இல்லை, கண்ணும் இல்லை. அரிசோனாப் பாலைவனத்தில ஒரு குகைக்க, வௌவால் எச்சத்துக்க சீவிக்கிறதுகள். வெளிச்சமே கண்டதில்லை. எங்கட ஆராய்ச்சிக்கூடத்தில ஹீற்றிங் உடைஞ்சு, ரொறன்ரோக் குளிரில விறைச்சுச் செத்திடுமெண்டுதானே வீட்டுக்குக் கொண்டுவந்தனான். உயிரோட மிஞ்சினது இவ்வளவும்தான்.

– தேளை வீட்டுக்க வைச்சிட்டு என்னிலை பாயிறாய். என்ர மகனுக்குத் தெரியுமோ?

– கீதனை விடுங்கோ. கறிவேப்பிலைச் சாடி எங்க? யன்னலடியில இல்லை.

– குசினிக்க. சிங்குக்குப் பக்கத்தில.

– ரோச் லைற்றைப் பிடியுங்கோ. கிட்ட வந்து ஊதாதேங்கோ.

– கிண்டாதை பிள்ளை, வேர் அறுந்திடும்.

– ரெண்டு, வயித்தில முட்டைப் பையோட நிண்டது. அதுகள் தப்பினாலே காணும், திரும்பப் பெருக்கிப்போடலாம்… மாமி.

– என்ன?

– மண் சுடுகுது.

– ஹீற்றருக்குக் கிட்ட நிண்டதாக்கும்.

– ஆவி பறக்குது மாமி. சுடுதண்ணி ஊத்தினனீங்களோ?

– தேத்தண்ணி போடட்டோ உனக்கு?

– கறிவேப்பிலையைப் பெத்த பிள்ளை மாதிரிப் பாக்கிறனீங்கள். குளிருக்குச் சால்வை சுத்தி வைக்கிறனீங்கள். அதுக்குப் போய் ஆரும் சுடுதண்ணி ஊத்துவினமே? சொல்லுங்கோ.

– எனக்குத் தெரியும்.

– என்ன தெரியும்?

– பெட்டிக்க என்ன கிடந்ததெண்டு. போனமுறை அந்தக் குகைக்க மண் சரிஞ்சு, உன்னைக் கயிறு கட்டி இழுத்தெடுத்தவை எண்டும் தெரியும். நீங்கள் ரெண்டுபேரும் எனக்கு மறைச்சனீங்கள். கீதன் போனில ஆரோடயோ சொல்லி அழேக்க கேட்டனான். எனக்குப் பயம், துர்க்கா. நீ அங்க கிடந்து செத்தால் நான் என்ன செய்யிறது? உதுகள் செத்தால் உந்த வேலை முடிஞ்சிடும், நீ வீட்டோட நிப்பாய் எண்டுதான்… கறிவேப்பிலையும் போனால் போகட்டுமெண்டு ஊத்தினன்.

– மாமி, உதுகள் இஞ்ச பெருகியிருந்தால் நான் அந்தக் குகைக்க இறங்கவே தேவையில்லை. இனித்தான் நான் போகவேணும்.